ஷெட்டில் கூடிய சங்கம்

என் கார் ஷெட்டை இடிக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான். யாரும் தூண்டிவிடவில்லை, மிரட்டவும் இல்லை. அந்த ஷெட்டுக்குள்ளேயே ஃபேனைப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, நல்ல தமிழில் எழுதினேன். எழுதி முடித்துச் சத்தமாக வாசித்தும் காட்டினேன். சுற்றி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். "ஏனுங்க, நீங்க சொல்றது இந்த ஷெட்டையுந்தானுங்களே?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். ஒருத்தர் வீட்டு நிழலில் உட்கார்ந்து, அவர் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டு, அந்த நிழலே அவருடையதில்லை என்று சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை.

எங்கள் லே-அவுட் சூலூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் வீடுகள், ஒரு பக்கம் விசைத்தறிகள். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் தறிச் சத்தத்தில் தூக்கம் வராது. அப்புறம் கரண்ட் போய்த் தறி நின்றால்தான் திடுக்கென்று விழிப்பு வரும். நிலத்தைச் சைட் சைட்டாகப் பிரித்து விற்கும்போது, பொதுவுக்கென்று ஒரு துண்டை ஒதுக்கி ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஊரில் அதை ரிசர்வ் சைட் என்போம். பார்க் வரலாம், பள்ளிக்கூடம் வரலாம், தண்ணீர்த் தொட்டி வரலாம். பெரும்பாலும் சீமைக்கருவேல முள்ளுதான் வரும்.

எங்கள் ரிசர்வ் சைட்டும் அப்படித்தான் இருந்தது. என் வீட்டை ஒட்டி இருந்ததால், அது என்னமோ என் வீட்டுக்குக் கிடைத்த சீதனம் மாதிரி எனக்கு ஒரு பெருமிதம். மோட்டார் ரீவைண்டிங் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, காற்றோட்டமாக இருக்கலாம் என்று வாங்கிய வீடு. விற்றவர் ரொம்ப நல்ல மனிதர். பக்கத்தில் தகரம் வேய்ந்து, தரைக்குச் சிமெண்ட் பூசி, ஜம்மென்று ஒரு கார் ஷெட் இருந்தது. "ஷெட்ட நான் கணக்குல சேர்க்கலீங்க, அதைப் பத்திரத்துலயும் காட்ட வேண்டாமுங்க. சும்மா வெச்சுக்குங்க" என்றார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெருந்தன்மையா என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர் புகழைப் பாடினேன். கேட்டவர்கள் எல்லாரும் "ஆமாங்க, நெம்ப நல்லவருங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

குடியிருப்போர் நலச் சங்கம் ஆரம்பித்தபோது என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். என் நிர்வாகத் திறமையைப் பார்த்து என்று கொஞ்ச நாள் நம்பியிருந்தேன். செயலாளர் ஆவதற்கு எங்கள் சங்கத்தில் வேண்டிய ஒரே தகுதி, வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போடுகிற அளவு நிழல் வைத்திருப்பது. அது என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை வெளியே நிறுத்திவிட்டு ஷெட்டில் கூட்டம். சங்கத் தலைவர், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று எங்கள் தெருவிலேயே வீடு கட்டிக்கொண்டவர். ஷெட்டின் ஓரத்தில் சிமெண்டுத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில்தான் அவர் எப்போதும் உட்காருவார். அந்தக் கல் மேல் காபித் தட்டு வைக்க அத்தனை வாகாக இருக்கும். மாடு கட்ட நட்ட கல்லாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தின் நிரந்தரப் பொருள் ரிசர்வ் சைட். முள்ளை வெட்டி நடைபாதை போடுவதா, ஷட்டில் கோர்ட் போடுவதா என்பது வழக்கு. நடைபாதைக் கட்சிக்குச் சர்க்கரை, ஷட்டில் கட்சிக்குத் தொப்பை. இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம், சைட்டின் பின்பக்கம் தறிக்காரர் ஒருவர் ஓட்டைத் தகரத்தில் ஒரு கொட்டகை போட்டு, கழிவு நூல் மூட்டையும் பழைய தறிச் சாமானும் அடுக்கி வைத்திருப்பது பெரிய அநியாயம் என்பது. அவர் காதில் விழாத தூரத்தில் உட்கார்ந்து வன்மையாகக் கண்டிப்போம். தெருவில் பார்த்தால், "சௌக்கியமுங்களா, தறியெல்லாம் நல்லா ஓடுதுங்களா?" என்று கேட்போம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அங்கன்வாடி டீச்சர் வந்தார். ஆடி மாதம், காற்று தகரத்தைத் தடதடவென்று ஆட்டிக்கொண்டிருந்தது. நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"ஏனுங்க சார், சென்டரு இருக்கற ரூம்ப காலி பண்ணச் சொல்லிப்போட்டாருங்க ஓனரு. அங்க தறி போடறாராமா. தை வரைக்குந்தான் டைம் குடுத்திருக்காரு."

"வேற ரூம் பாக்கலாமுங்களே டீச்சரம்மா," என்றார் விமானப்படைக்காரர்.

"ஆபீசுல குடுக்கற வாடகைக்கு இந்தப் பக்கம் கோழிக்கூண்டுகூடக் கெடைக்காதுங்க. சொந்த எடம் இருந்தா கட்டடம் கட்டித் தர்றோங்கறாங்க. இல்லாட்டி ஹைவேசுக்கு அந்தப் பக்கம் இருக்கற சென்டரோட சேத்திருவாங்களாம்."

"சேத்துனா என்னங்க, நல்ல சென்டருதானுங்களே," என்றேன் நான். நடைபாதைக் கட்சிக்காரன்.

அவர் என்னைப் பார்த்தார். "பிள்ளைக அம்மாமாரெல்லாம் விடியறதுக்கு முன்னாடி தறிக்கும் மில் வேனுக்கும் போறவங்க சார். ரெண்டு மூணு வயசுப் பொடுசைத் தூக்கிக்கிட்டு அந்த ரோட்டைத் தாண்டி ஆரு கொண்டாந்து உடுவாங்க? பாதிப் பேரு தறிக்குள்ளயே கூட்டிட்டுப் போயிருவாங்க. பஞ்சுத் தூசியில, தறியில ஓடற பாவு நூலுக்கடியில படுத்துக் கெடக்கும். நான் டீச்சரா வாரதுக்கு முன்னாடி அப்படித்தான் கெடந்துச்சுங்க."

ஷட்டில் கட்சித் தலைவரே தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரிசர்வ் சைட்டக் கேக்கலாமுங்களே," என்றார். எனக்கு உடம்பெல்லாம் ஒரு வேகம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன். கையை வீசிப் பேசினேன்.

"டீச்சரம்மா, கவலைய உடுங்க. அந்த எடத்த மீட்டு உங்களுக்கு வாங்கித் தர்றது எம்பொறுப்பு."

டீச்சர் அண்ணாந்து ஷெட்டுக் கூரையைப் பார்த்தார். அப்புறம் அந்தக் கல்லைப் பார்த்தார். அப்புறம் என்னை.

"உங்களால முடியுங்களா சார்?"

என் திறமையைச் சந்தேகிக்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அந்த வேகத்திலேயே மனுவை எழுதினேன். "மேற்படி பொது ஒதுக்கீட்டு இடத்தைச் சில சுயநலமிகள் ஆக்கிரமித்து அனுபவித்து வருவதால்" என்று ஆரம்பம். "ஆக்கிரமிப்பாளர் எவராயினும், அவர்தம் செல்வாக்கு எத்தகையதாயினும், பாரபட்சமின்றி உடனடியாக அகற்றி" என்று நடு. "எவராயினும்" எழுதியபோது எனக்கே புல்லரித்தது. வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார்கள். விமானப்படைக்காரர் மட்டும், "இந்த 'எவராயினும்' வேணுமுங்களா? 'சிலர்'னு போட்டாப் போதாதுங்களா?" என்றார். இலக்கியத்தில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உள்ளே இருந்து என் மனைவி, "இதுக்கு எதாச்சும் பரிசு குடுப்பாங்களாமா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். நானும் விமானப்படைக்காரரும் பஸ் பிடித்துப் போனோம். முந்தின நாள் காங்கேயத்திலிருந்து ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர் ஒருத்தர் ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய் கொடுத்திருந்தார். திரும்பும்போது ஆர்.எஸ்.புரத்தில் மகள் வீட்டில் கொடுத்துவிடலாம் என்று அதையும் பையில் போட்டுக்கொண்டேன். கலெக்டர் ஆபீசுக்குள் பாட்டிலோடு போகிறவனை எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசிக்கிற புத்தி எனக்கு எப்போது இருந்தது? வாசலில் பையைப் பார்த்த பெண் போலீஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, "என்னங்கய்யா இது?" என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

"எண்ணெய்ங்க. காங்கேயத்து எண்ணெய். சுத்தமானதுங்க."

"எதுக்கு?"

"தலைக்குங்க."

அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தார். "நல்ல எண்ணெய்தான். ஆனா உள்ளாற கொண்டுபோகக் கூடாதுங்க. மனு குடுக்க வர்றீங்களா, தலை முழுக வர்றீங்களா?" டீக்கடையில் கொடுத்து வைத்துவிட்டு மறுபடியும் வரிசையின் வாலில் போய் நின்றோம்.

மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. சில வாரம் கழித்து, மனு உரிய நடவடிக்கைக்காக வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டிருப்பதாகக் கடிதம் வந்தது. நான் ஸ்வீட் வாங்கிவிட்டேன். "இது பதிலில்லீங்க, அட்ரஸ் சொல்லியிருக்காங்க. நாம அங்க போகோணும்," என்று விமானப்படைக்காரர்தான் விளக்கினார். ஸ்வீட்டைத் தின்றுகொண்டேதான் விளக்கினார்.

போனோம். இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு வேலையாக ஒருத்தரைப் பார்க்கப் போனால், போன வேலையை எடுத்த எடுப்பில் சொல்லமாட்டோம். சௌக்கியம் கேட்போம், மழை கேட்போம், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்போம். கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டும்போதுதான், "அப்பறம் ஒரு சின்ன விசயமுங்க" என்று ஆரம்பிப்போம். உள்ளூர் ஆட்களுக்கு இது தெரியும். செருப்புக்காகக் காத்திருப்பார்கள். ஆனால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் எங்கள் ஃபைலைப் பார்க்கிறவர் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். இரண்டு தடவை போய் அவர் ஊர் மழையைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தோம். ஆபீசுக்குள் செருப்போடே போவதால், சொல்ல வேண்டிய சந்தர்ப்பமே அமையவில்லை. மூன்றாவது தடவை அவரே பொறுமை இழந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் எதுக்கு வர்றீங்க?"

சொன்னோம். ஐந்து நிமிடத்தில் வழி சொல்லிவிட்டார். சர்வேயர் வந்து அளந்து எல்லை காட்ட வேண்டும், அதற்கு ஊராட்சியிலிருந்து கேட்க வேண்டும். இந்த இடம் அங்கன்வாடிக்கு என்று கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும். தீர்மானத்தின் நகலோடு வந்தால் கட்டடத்துக்கான வேலையை இவர் பார்த்துக்கொள்வார். "காந்தி ஜெயந்திக்குக் கிராம சபை இருக்கு. அதுக்குள்ள அளந்துட்டீங்கன்னா இந்த வருஷமே ஆயிடும். விட்டா அடுத்த வருஷம்தான்," என்றார். அடுத்த வருடம் என்றால் டீச்சருக்குத் தை தாண்டிவிடும். மறுநாளே ஊராட்சித் தலைவரம்மாவைப் பார்த்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே விஷயத்தைச் சொன்னேன். நிர்வாகச் சீர்திருத்தம் என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

சர்வேயர் வந்த அன்று ஷெட்டில் திருவிழாக் கூட்டம். தறிக்காரர்கூட ஓரமாக வந்து நின்றார். டீச்சர் சமையல் உதவியாளரிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருந்தார். நான் சர்வேயருக்கு இளநீர் கொடுத்து, நாற்காலி போட்டு, கையைக் காட்டித் தறிக்காரரின் கொட்டகையை அடையாளம் காட்டினேன். "முதல்ல கல்லக் கண்டுபிடிக்கோணுமுங்க. கல்லிருந்தாத்தான் அளக்க முடியும்," என்று படத்தை விரித்துப் பார்த்து, சங்கிலியை இழுத்து, முள்ளுக்குள் போய், திரும்பி வந்து, ஷெட்டுக்குள் நுழைந்தார். விமானப்படைக்காரர் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து, கல் மேல் இருந்த காபித் தட்டைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

சர்வேயர் குனிந்து கல்லின் தலையைத் துடைத்தார். காபிக் கறைக்கு அடியில் அம்புக்குறி ஒன்று தெரிந்தது.

"இதானுங்க உங்க வீட்டு எல்லைக்கல்லு," என்றார். "இதுக்கு அக்கட்ட எல்லாமே ரிசர்வ் சைட்டுங்க."

அக்கட்ட என்றால், நாற்காலிகள், ஃபேன், கார் நிற்கும் இடம், நான் நின்றுகொண்டிருந்த இடம், எல்லாம். அது மட்டுமில்லை. சைட்டுக்கு ரோட்டுப் பக்கம் இருந்த வாய் முழுவதையும் என் ஷெட்டுதான் அடைத்துக்கொண்டு நின்றது. அதை எடுக்காமல் செங்கல் வண்டி உள்ளே போகாது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லாரும் எனக்காகச் சங்கடப்பட்டுத் தரையைப் பார்த்தார்கள். அது என்னுடைய தரையும் இல்லை.

"உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று விமானப்படைக்காரரிடம் கேட்டேன்.

"கல்லுல அம்பு போட்டிருக்குதுங்களே. பாத்தா தெரியாதுங்களா?"

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"சொன்னாச் சங்கடப்படுவீங்கன்னுதாங்க. 'எவராயினும்' வேண்டாம்னு சொல்லிப் பாத்தனுங்க."

வீட்டுக்குள் போய் மனைவியிடம் கேட்டேன். "ஊடு வாங்கறப்பவே தெரியுமுங்க. பத்திரத்துல இல்லாதது எப்படி நம்முளுதாகும்? நீங்கதான் அந்தாளு தங்கமான மனுசன், தங்கமான மனுசன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தீங்க. கம்முனு இருந்துட்டேன்."

அன்றைக்குச் சாயங்காலமே தறிக்காரர் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார். மகனைப் பற்றி விசாரித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்: "ஏனுங்ணா, நீங்க ஷெட்ட எப்பக் கழட்டறீங்களோ, அடுத்த நிமிசம் நானும் கழட்டிக்கறனுங்ணா. பெரியவங்க முன்னாடி போனா நாங்க பின்னாடி வரப்போறம்." அவர் முகத்தில் அத்தனை மரியாதை.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வக்கீல், மகளின் மாமனார் வழியில் சொந்தம். அவரிடம் போய் உட்கார்ந்தேன். "ஒரு ஸ்டே வாங்கிப் போட்டுறலாமுங்க. அப்பறம் அது பாட்டுக்கு ஓடும். உங்க காலத்துக்கும் ஷெட்டு நிக்கும்," என்றார் அவர். கேட்க இனிமையாக இருந்தது. சைட்டும் அதுபாட்டுக்கு முள்ளாக நிற்குமா என்று கேட்டேன். "அதுவும் நிக்கும். அதப்பத்தி உங்களுக்கென்னங்க?"

எனக்கு என்ன என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நானும் யோசித்துப் பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது டீச்சர் எதிரில் முட்டைத் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். ஷெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மக வீட்டுக்குப் போயிட்டு வர்றீங்களா சார்? எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்றார். போகும்போது திரும்பி, "ஓனரு சென்டருக்கு முன்னாடி தறிக்குக் குழி எடுக்க ஆரம்பிச்சிட்டாருங்க. பிள்ளைக உழுந்துருமோன்னு வாசல்லயே உக்காந்துக்கறேன்," என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே நான் மனம் மாறிவிட்டேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். மாறவில்லை. வீட்டுக்கு வந்து, கிராம சபையில் பேசுவதற்கு ஒரு தாளில் பாயிண்ட் எழுதினேன். ஷெட்டின் தூணை மட்டும் விட்டுவிட்டு நடுவில் வழி விட முடியுமா, அங்கன்வாடிக்கு வேறு இடம் ஆராயலாமா, ஒரு குழு அமைக்கலாமா. ஒன்றைச் செய்யாமல் இருக்கக் குழு அமைப்பதைவிட நாகரிகமான வழி கிடையாது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

காந்தி ஜெயந்தி. ரேஷன் கடைக்கு முன்னால் சாமியானா. எங்கள் லே-அவுட்டிலிருந்து கிராம சபைக்கு அதற்கு முன் யாருமே போனதில்லை. அது ஏதோ நூறு நாள் வேலைக்காரர்களுக்கான கூட்டம் என்று இருந்துவிட்டோம். அன்றைக்கு டீச்சர் வீடு வீடாகச் சொல்லி அழைத்து வந்த அம்மாக்கள், ஷிப்டு மாற்றிக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்து ஆட்கள் எனக்கு மரியாதை செய்து நடுநாயகமாக நாற்காலி போட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குழந்தை என்னைப் பார்த்தது.

குடிதண்ணீர், தெருவிளக்கு எல்லாம் முடிந்து ரிசர்வ் சைட் வந்தது. ஊராட்சிச் செயலர் தீர்மானத்தை வாசித்தார். ஆக்கிரமிப்புகளை அகற்றி, இடத்தை அங்கன்வாடிக்கு ஒதுக்குவது. என் மனுவிலிருந்தே வரிகளை எடுத்துப் போட்டிருந்தார், "எவராயினும்" உட்பட. என் கை சட்டைப் பைக்குப் போனது.

தலைவரம்மா மைக்கைப் பிடித்து, என் பக்கம் திரும்பி, ரொம்ப வாஞ்சையாகக் கேட்டார்: "ஐயா, உங்களுக்கு இதுல எதாச்சும் சங்கடமுங்களா?"

இதைப் படிக்கிறவர் எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் அடுத்து என்ன நடந்தது என்று தெரிந்திருக்கும். விருந்துக்குப் போன வீட்டில் உப்பில்லாத குழம்பை ஊற்றிவிட்டு, எதாவது வேணுமுங்களா என்று கேட்பார்கள். பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு, வலிக்குதுங்களா என்று கேட்பார்கள். ஆயுள் முழுக்க அதற்கு ஒரே பதில்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். மூளைக்குப் போகாமல் நேராக வாயிலிருந்தே வருகிற பதில்.

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

சொல்லிவிட்டேன். கை இன்னும் பையில்தான் இருந்தது. தாளை வெளியே எடுப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள். முன் வரிசையில் ஒரு அம்மா குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துத் தட்ட வைத்தாள். செயலர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: "மேற்படி ஆக்கிரமிப்பாளர், தமக்கு ஆட்சேபணை ஏதுமில்லை எனச் சபை முன் தெரிவித்தார்." 'ஆக்கிரமிப்பாளர்' என்பது நான் தறிக்காரருக்கென்று தேடிப் பிடித்துப் போட்ட வார்த்தை.

தலைவரம்மா தறிக்காரரைப் பார்த்தார். "உங்களுக்குங்க?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஷெட்டைக் கழற்றவே மாட்டேன் என்று என்னை நம்பி இருந்த மனிதர். "அண்ணனே ஒண்ணுமில்லைன்னுட்டாரு. அப்பறம் எனக்கென்ன இருக்குதுங்க," என்றார். அவரும் எங்கள் ஊர்தானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் கடைசிக் கூட்டம் நடந்தது. காபி குடித்துவிட்டு, எல்லாரும் ஆளுக்கொரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கூரையைக் கழற்ற ஆரம்பித்தார்கள். விமானப்படைக்காரர் ஏணியில் ஏறிக்கொண்டே, "உங்களுக்குப் பெரிய மனசுங்க," என்றார். "ஆமாங்க," என்றேன். வேறென்ன சொல்வது? தகரத்தை இறக்கிய கையோடு தறிக்காரர் தம் கொட்டகையையும் கழற்றி, இரண்டையும் தம் டெம்போவிலேயே ஏற்றிக் கொண்டுபோய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தார். கல் மட்டும் நின்றது. வெயில் பட்டதும் அம்புக்குறி தெருமுனையிலிருந்தே தெரிந்தது. இத்தனை வருடம் எப்படித்தான் பார்க்காமல் இருந்தேனோ.

தீர்மானத்தின் நகலை வாங்கிக்கொண்டு தெற்கத்திக்காரரிடம் போனோம். மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இப்பத்தான் சார் பழகியிருக்கீங்க," என்றார். சொன்னபடி வேலையை நகர்த்தினார். இடையில் ஒரு கையெழுத்துக்காக விமானப்படைக்காரர் வாராவாரம் போய் அந்த ஆபீஸ் பெஞ்சில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார். அஸ்திவாரம் தோண்டியதைப் பார்த்ததும், ரூம் ஓனரும் இறங்கி வந்து, கட்டடம் எழும்புகிற வரைக்கும் இருந்துக்கங்க என்று சொல்லிவிட்டார். தை பிறந்தது, சென்டர் எங்கும் போகவில்லை.

இப்போது அந்த இடத்தில் மஞ்சள் அடித்த சின்னக் கட்டடம் இருக்கிறது. சுவரில் யானை, மயில், எழுத்துகள். முன்னால் கொஞ்சம் மண் தரை. மிச்ச இடத்தில் நடைபாதை போட வேண்டும் என்று ஒரு மனு ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வேறு ஒருவர் எழுதினார். என்னை எழுத விடவில்லை. சங்கக் கூட்டம் அவர் வீட்டு மாடியில் நடக்கிறது. அந்த மாடிக்கு அனுமதி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சங்கடப்படுவார்.

என் கார் மட்டும் வெயிலில் காய்கிறது. உறை போட்டுப் பார்த்தேன், ஆடிக் காற்றில் பறந்துபோய்த் தறிக்காரர் வீட்டுக் கூரையில் விழுந்தது. அவர் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார், மழையைப் பற்றி விசாரித்தார். மத்தியானத்துக்கு மேல் அங்கன்வாடிக் கட்டடத்தின் நிழல் நீளமாக இறங்கி, என் வீட்டுச் சுவரை ஒட்டி, சரியாகப் பழைய ஷெட்டு இருந்த இடத்தில் விழுகிறது. ஒரு காருக்கு அளவெடுத்த மாதிரி நிழல். பிள்ளைகள் போன பிறகு அது வீணாகத்தான் கிடக்கிறது. தினமும் ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்து, போன வாரம் ஒருநாள் சாயங்காலம் டீச்சர் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது மெதுவாகப் போனேன். சௌக்கியம் கேட்டேன். பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டேன். கட்டடம் அருமையாக இருப்பதாகச் சொன்னேன். இதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு என்பதை அவர் ஞாபகப்படுத்திக்கொள்ள நேரம் கொடுத்தேன். அவர் செருப்பை மாட்டினார்.

"அப்பறம் ஒரு சின்ன விசயமுங்க டீச்சரம்மா. பிள்ளைகெல்லாம் போனதுக்கப்பறம், இந்த நெழல்ல காரை ஒரு ஓரமா நிறுத்திக்கட்டுங்களா?"

டீச்சர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைப் பைக்குள் போட்டார்.

"அது ரிசர்வ் சைட்டுங்க சார்."